டெம்ப்ளேட்டுக்குள் ஆல்கரிதம் இருக்காது: கிளவுடில் ரஸ்ட் தொடங்குபவர்களுக்கு

ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதியதை கிளவுடில், அதாவது பிறர் வாடகைக்குத் தரும் சர்வர்களில், ஓடவைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு கட்டளை அடிப்பார்கள். திரையில் டெம்ப்ளேட் எனப்படும் சில தயார் கோப்புகள் வந்து நிற்கும். அதற்கப்புறம் வருகிற கேள்வி வழக்கமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். "எல்லாமே ரெடியா இருக்கே, இதில் நான் என்ன எழுதணும்?" அல்லது, "பாதி வரி எதுக்குன்னே தெரியல, அழிச்சிடலாமா?"

இரண்டு கேள்வியும் ஒரே குழப்பத்திலிருந்துதான் வருகின்றன. டெம்ப்ளேட் எந்த வேலையைச் செய்கிறது, நாம் எதைச் செய்ய வேண்டும் என்ற கோடு எங்கே விழுகிறது என்பதை யாரும் காட்டித் தருவதில்லை. பைதானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ இந்தக் கோடு தெரியாமலே பல மாதம் ஓட்டிவிடலாம். ரஸ்ட்டில் முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

## முதலில் நான்கு சொற்கள்

ஆல்கரிதம்: உள்ளே ஒன்று போகிறது, வரையறுத்த சில படிகள் நடக்கின்றன, வெளியே ஒன்று வருகிறது. இந்தக் கட்டுரை முழுக்க ஒரு சின்ன ஆல்கரிதத்தையே வைத்துக்கொள்வோம். ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று சொல்ல வேண்டும்.

சர்வர்லெஸ்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சர்வர் இருக்கிறது. அதை வாங்கி, ஓடவிட்டு, பழுது பார்ப்பது நாமில்லை, அவ்வளவுதான். நம் நிரலைக் கொடுத்துவிட்டால், யாராவது கேட்கும்போது மட்டும் அதை ஓடவைத்து, ஓடிய நேரத்துக்குக் காசு வாங்குவார்கள். அமேசானின் லாம்டா 2014 நவம்பரில் இப்படித்தான் அறிமுகமானது. உதாரணங்களை அதிலிருந்தே எடுக்கிறேன்.

சிஸ்டம்ஸ் மொழி: நேரடியாக இயந்திரக் கட்டளைகளாக மாறும், நினைவகத்தின் மீது நமக்குப் பிடி கொடுக்கும் மொழி. சி, சி++ இந்த வகை. ரஸ்ட்டும் அதே வகைதான். 2006-இல் கிரேடன் ஹோர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே 15 அன்று 1.0 பதிப்பாக வெளிவந்தது.

டெம்ப்ளேட்: ஒரு புராஜெக்ட்டைத் தொடங்குவதற்காக யாரோ எழுதிவைத்த கோப்புகளின் நகல். இதில் "நகல்" என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

## மாவு மில்

தெருமுனை மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு வாய், நடுவில் அரைக்கும் கல். டப்பாவில் கோதுமையோ அரிசியோ கொண்டுபோகிறோம். மேலே கொட்டினால் கீழே மாவாக விழுகிறது. என்ன தானியம் வருகிறது, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது. தொட்டியும் வாயும் சரியான அளவில் இருந்தால் போதும், எந்தக் கல்லையும் மாட்டலாம்.

டெம்ப்ளேட் என்பது அந்தத் தொட்டியும் வாயும், மோட்டாரோடு இணைக்கிற பெல்ட்டும். கல் அதில் கிடையாது. கல் இருக்க வேண்டிய இடத்தில், சும்மா ஓடிக் காட்டுவதற்காக ஒரு மரக்கட்டையை வைத்திருப்பார்கள். பெயரைக் கொடுத்தால் "ஹலோ" சொல்கிற நான்கு வரி இருக்குமே, அதுதான் மரக்கட்டை. அதைக் கழற்றிவிட்டு நம் கல்லை மாட்டுவது நம் வேலை.

சுருக்கமாக: ஆல்கரிதம் நம்முடையது, ஓடுகிற இயந்திரம் கிளவுடுடையது, இரண்டையும் பொருத்துகிற பகுதிதான் டெம்ப்ளேட்.

## உள்ளே உண்மையில் நடப்பது

பலரும் நினைத்துக்கொண்டிருப்பது இது: கோரிக்கை வந்ததும் லாம்டா நம் நிரலுக்குள் புகுந்து, நம் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்ய, பெயர் வைத்து எழுதிய நிரல் பகுதியை) கூப்பிடுகிறது. ரஸ்ட்டைப் பொறுத்தவரை நடப்பது இதற்கு நேர் எதிர்.

நாம் கம்பைல் செய்து, அதாவது இயந்திரக் கட்டளைகளாக மாற்றி, அனுப்புவது ஒரு முழு நிரல். கம்பைல் ஆகி நேரடியாக ஓடத் தயாராக இருக்கும் இந்தக் கோப்பை பைனரி என்பார்கள். லாம்டா அதை ஒரு முறை தொடங்கிவைக்கும். தொடங்கியதும் நம் நிரல்தான், லாம்டா கொடுத்திருக்கும் ஒரு உள் முகவரிக்கு எச்டிடிபி வழியாகப் போய், "அடுத்த வேலை இருக்கா?" என்று கேட்கும். வேலை வரும்வரை அங்கேயே காத்திருக்கும். வந்ததும் எடுத்துக்கொண்டு நம் ஃபங்ஷனை ஓட்டும். விடையை இன்னொரு முகவரியில் ஒப்படைக்கும். திரும்பவும் போய் "அடுத்தது?" என்று கேட்கும். இப்படியே ஒரு சுழற்சி. அடுத்த வேலை இல்லாத இடைவெளியில் லாம்டா நிரலை அப்படியே உறையவைத்துவிடும். உடனே கொன்றுவிடாது, ஆனால் ஒரு வரிகூட நகராது.

பைதானில் இந்தச் சுழற்சியை அமேசானே எழுதி, தன் பக்கம் வைத்திருக்கிறது. நாம் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் போதும். அதனால்தான் பைதான் எழுதுபவர்களுக்கு டெம்ப்ளேட் ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை. ரஸ்ட்டில் அந்தச் சுழற்சி நம் பைனரிக்குள்ளேயே கம்பைல் ஆகிப் போக வேண்டும். எந்த மொழியில் செய்த பைனரியையும் இப்படிக் கொண்டுவரலாம் என்று 2018 நவம்பரில் லாம்டா கதவைத் திறந்தது. கூடவே ரஸ்ட்டுக்கான சுழற்சியை ஒரு திறந்த மூல நூலகமாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பாக) வெளியிட்டார்கள். அதன் பெயர் லாம்டா ரன்டைம். இன்றைய டெம்ப்ளேட்டின் முதுகெலும்பு அதுதான்.

ஆக, "பாதி வரி எதுக்குன்னே தெரியல" என்று அழிக்கப் போகிற வரிகளில் ஒன்று இந்தச் சுழற்சியைத் தொடங்குகிற வரியாக இருக்கலாம். அதை மட்டும் அழித்தால், மெயின் திருப்பித் தர வேண்டிய விடை இல்லை என்று கம்பைலர் தடுக்கும். அதன் வாயை அடைக்க அந்த இடத்தில் வெறும் "ஓகே" என்ற விடையை எழுதிவிட்டால் நிரல் அழகாகக் கம்பைல் ஆகும். மேலேற்றினால் தொடங்கிய வேகத்தில் முடிந்து வெளியேறிவிடும். லாம்டா "நிரல் வெளியேறிவிட்டது" என்று பிழை காட்டும். என்ன தப்பு என்று இரவு முழுக்கத் தேட வேண்டியதுதான்.

## கோப்புகளைத் திறந்து பார்ப்போம்

ரஸ்ட்டில் லாம்டா எழுதுபவர்களில் பலர் கார்கோ லாம்டா என்ற கருவியை வைத்துக்கொள்கிறார்கள். கார்கோ என்பது ரஸ்ட்டோடு வரும் புராஜெக்ட் மேலாளர். அதில் ஒட்டிக்கொள்கிற கூடுதல் கருவி இது. "கார்கோ லாம்டா நியூ" என்று பெயரோடு அடித்தால், இணையக் கோரிக்கைக்குப் பதில் சொல்கிற ஃபங்ஷனா என்று கேட்கும். "ஆம்" என்றால் ஒரு வகை டெம்ப்ளேட், "இல்லை" என்றால் இன்னொரு வகை. இங்கே "இல்லை" வகையையே பார்ப்போம்.

வருகிற கோப்புகளில் முதலாவது கார்கோ டாம்ல். எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்கிற மளிகைப் பட்டியல் இதில் இருக்கும். சொன்ன லாம்டா ரன்டைம் இருக்கும். டோக்கியோ இருக்கும்: காத்திருக்க வேண்டிய வேலைகளை ஒழுங்காக நிர்வகிக்கிற நூலகம் அது. வெளியிலிருந்து வரும் தரவைப் படிக்கும் வேலை செர்டே என்ற நூலகத்துடையது. அது பட்டியலில் நேராகத் தெரியலாம், வேறொன்றின் பின்னால் ஒளிந்தும் வரலாம்.

அடுத்து மெயின் கோப்பு. சில வரிகள்தான். பதிவுக் குறிப்பு எழுதும் வசதியைத் தொடங்கிவிட்டு, மேலே சொன்ன சுழற்சியை ஓடவிடும். அதனிடம் "வேலை வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று ஒரு பெயரைக் கொடுக்கும். அந்த ஃபங்ஷனுக்குப் பெயர் ஹேண்ட்லர். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு முறை ஓடுவது அது மட்டுமே. நம் கல் மாட்டுகிற இடமும் அதுவே.

ஹேண்ட்லரின் தலைப்பு வரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அதில் மூன்றே விஷயம்தான்: காத்திருக்கத் தெரிந்த ஃபங்ஷன் என்ற அறிவிப்பு, உள்ளே வருவதன் வடிவம், வெளியே போவதன் வடிவம். வெளியே போவது "விடை அல்லது பிழை" என்ற இரட்டை வடிவில் இருக்கும். ரஸ்ட்டில் பிழையைக் கண்டும் காணாமல் விட முடியாது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

## 15, 5, 3

சரி, கல்லை மாட்டுவோம். நம் ஆல்கரிதத்துக்கு உள்ளே வருவது ஒரு சொல். அது ஜேசான் வடிவில் வரும். பெயரும் மதிப்புமாக எழுதி அனுப்புகிற எளிய உரை வடிவம் அது. ரஸ்ட்டில் அதற்கு இணையாக ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பெயர் வைத்த புலங்களின் தொகுப்பு, எழுத வேண்டும்: "சொல்" என்று ஒரு புலம், அதன் வகை உரை. செர்டே ஜேசானைப் படித்து அந்த ஸ்ட்ரக்ட்டுக்குள் ஊற்றிவிடும்.

இங்கே ஒன்று கவனியுங்கள். அனுப்புகிறவர் "சொல்" என்பதற்குப் பதிலாக "வார்த்தை" என்று புலத்துக்குப் பெயர் வைத்து அனுப்பினால், ஹேண்ட்லர் ஓடவே ஓடாது. புலம் காணவில்லை என்று வாசலிலேயே பிழை திரும்பிவிடும். ஹேண்ட்லருக்குள் எத்தனை பதிவு வரி எழுதிவைத்திருந்தாலும் ஒன்றும் வராது. முதல் நாளில் "என் நிரலே ஓடல" என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

வடிவம் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹேண்ட்லருக்குள், ரஸ்ட்டில் உரையின் நீளத்தைக் கேட்கிற வழக்கமான லென் என்பதைக் கூப்பிட்டு, அந்த எண்ணைத் திருப்பி அனுப்புகிறோம். "கணினி" என்ற சொல்லைக் கொடுத்துப் பார்க்கிறோம். கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, பிழை எதுவும் இல்லை. விடை 15.

லென் எண்ணுவது பைட்டுகளை. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். சரி, பைட்டுக்குப் பதிலாக கேரக்டர்களை எண்ணச் சொல்லுவோம். இப்போது விடை 5. க, ண, இகரக் குறி, ன, இகரக் குறி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோட் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எண்ணினால் க, ணி, னி என்று 3. அந்த 3 வேண்டுமென்றால், கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதைச் சேர்த்து எண்ணுகிற யூனிகோட் செக்மென்டேஷன் என்ற நூலகத்தை கார்கோ டாம்லில் சேர்த்து, அதன் வழியாக எண்ண வேண்டும்.

மூன்று முறையும் டெம்ப்ளேட் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. தொட்டி வாங்கியது, வாய் கொடுத்தது. மாவு சரியா என்று அது பார்க்காது. ரஸ்ட்டின் கம்பைலர் ரொம்பக் கறார் என்று பெயர் வாங்கியது உண்மைதான். ஆனால் அதுவும் வகை பொருந்துகிறதா, நினைவகம் பத்திரமா என்றுதான் பார்க்கும். 15 ஒரு முழு எண், 3-உம் ஒரு முழு எண். அதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே டெம்ப்ளேட் ஓடுகிறது என்பதும் ஆல்கரிதம் சரி என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு செய்திகள்.

## எது ஒரு முறை, எது ஒவ்வொரு முறை

டெம்ப்ளேட்டில் மெயின், ஹேண்ட்லர் என்று இரண்டு இடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. மெயினில் எழுதுவது நிரல் தொடங்கும்போது ஒரே முறை ஓடும். ஹேண்ட்லரில் எழுதுவது கோரிக்கைக்கு ஒரு முறை. டேட்டாபேஸ் இணைப்பு, பெரிய அகராதிக் கோப்பு, வேறொரு சேவையோடு பேசுகிற கிளையன்ட் இவையெல்லாம் மெயினில் தயாராகி, ஹேண்ட்லருக்குக் கடனாகக் கொடுக்கப்பட வேண்டும். தெரியாமல் ஹேண்ட்லரில் வைத்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி முழுவதும் மறுபடி ஏறும்.

வேலைக்குத் தயாராகக் காத்திருக்கும் நிரல் எதுவும் இல்லாதபோது வருகிற கோரிக்கை, நிரல் புதிதாகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதத்துக்குப் பெயர் கோல்ட் ஸ்டார்ட். காலையில் மில்லுக்கு முதல் ஆளாகப் போனால் மோட்டார் வேகம் பிடிக்கும்வரை நிற்கிறோமே, அதுதான். ரஸ்ட்டில் இது பொதுவாகக் குறைவு, ஏனென்றால் தொடங்குவதற்கு இன்டர்பிரட்டரோ மெய்நிகர் இயந்திரமோ கிடையாது, பைனரி மட்டும்தான். ஆனால் மெயினில் 200 எம்பி அகராதியை ஏற்றினால் அந்த நேரம் ரஸ்ட்டானாலும் ஆகத்தான் செய்யும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைப் போட்டால் சப்பாத்தி காரமாக இருக்கும். மெயினில் ஒரு பொதுப் பட்டியலை வைத்து, ஹேண்ட்லர் ஒவ்வொரு முறையும் அதில் சேர்த்துக்கொண்டே போனால், முந்தைய ஆள் அனுப்பியது அடுத்த ஆளின் விடையில் கலந்துவிடும். சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நிரலைப் புதிதாகத் தொடங்கிச் சோதித்திருப்போம். இது இன்னும் குழப்பக் காரணம், ஒரே நேரத்தில் பத்துக் கோரிக்கை வந்தால் லாம்டா வழக்கமாகப் பத்துத் தனித்தனி நகல்களைத் தொடங்கிவிடும். எந்த நகலில் எது கலந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. படிக்க மட்டும் வேண்டியதை மெயினில் வையுங்கள். எழுத வேண்டியது எதுவானாலும் ஹேண்ட்லருக்குள் பிறந்து அங்கேயே முடியட்டும்.

இதுவரை: சுழற்சியை மெயின் தொடங்குகிறது, ஹேண்ட்லர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடுகிறது, இரண்டு கோரிக்கைக்கு நடுவே நிரல் உறைந்திருந்தாலும் நினைவகத்தில் இருப்பது அப்படியே இருக்கும்.

## "என் கணினியில் ஓடுச்சே"

பைதான் கோப்பை எங்கும் கொண்டுபோகலாம். பைனரியை முடியாது. விண்டோஸில் கம்பைல் செய்தது லாம்டாவின் லினக்ஸில் ஓடாது. லினக்ஸிலேயே செய்தாலும், உங்கள் கணினியின் அடிப்படை சி நூலகம் லாம்டாவில் உள்ளதைவிடப் புதிதாக இருந்தால், வேண்டிய பதிப்பு இல்லை என்று நின்றுவிடும். இன்டெல் வகைச் செயலிக்கும் ஆர்ம் வகைச் செயலிக்கும் தனித்தனி பைனரி வேண்டும். கார்கோ லாம்டாவின் "பில்ட்" கட்டளை, ஜிக் என்ற இன்னொரு மொழியின் கருவிகளைப் பின்னால் வைத்து இதைச் சமாளிக்கிறது. "ரிலீஸ்" என்பதைச் சேர்த்து அடிக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் மெதுவான சோதனைப் பதிப்புதான் மேலே போகும். உருவாகும் பைனரியின் பெயர் பூட்ஸ்ட்ராப் என்றே இருக்க வேண்டும். லாம்டா தேடுவது அந்தப் பெயரைத்தான்.

மேலேற்றும் முன் "வாட்ச்", "இன்வோக்" என்ற இரண்டு கட்டளைகளால் உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். முதலாவது லாம்டாவைப் போல நடித்துக்கொண்டு காத்திருக்கும், இரண்டாவது அதற்கு ஒரு ஜேசானை அனுப்பும். "கணினி" சோதனைக்கு இதுவே போதும்.

## ரஸ்ட் என்றாலே வேகமும் சேமிப்புமா?

லாம்டா முக்கியமாக வசூலிப்பது, ஒதுக்கிய நினைவகத்தையும் ஓடிய நேரத்தையும் பெருக்கி. நினைவகம் 128 எம்பியிலிருந்து 10,240 எம்பி வரை நாமே தேர்ந்தெடுக்கலாம்; ஒரு அழைப்பு அதிகபட்சம் 15 நிமிடம் ஓடலாம். 2020 டிசம்பருக்கு முன்னால் நேரத்தை 100 மில்லிசெகண்டாக உயர்த்திக் கணக்கிட்டார்கள். 4 மில்லிசெகண்டில் முடிகிற ரஸ்ட் நிரலும் 90-இல் முடிகிற பைதான் நிரலும் ஒரே காசு! அப்புறம்தான் கணக்கு ஒரு மில்லிசெகண்டுக்கு இறங்கியது, ரஸ்ட்டின் சிக்கனத்துக்கும் அர்த்தம் வந்தது.

ஆனாலும் எல்லா இடத்திலும் லாபம் இல்லை. ஹேண்ட்லர் செய்வதெல்லாம் டேட்டாபேஸிடம் கேட்டுவிட்டு 300 மில்லிசெகண்ட் காத்திருப்பதுதான் என்றால், எந்த மொழியில் எழுதினாலும் அந்த 300 அப்படியேதான் இருக்கும். படத்தைச் சுருக்குவது, பெரிய உரையைப் பிரித்து ஆராய்வது, கணக்குப் போடுவது என்று செயலியை வேலை வாங்குகிற ஆல்கரிதங்களில்தான் ரஸ்ட் தன் விலையைத் திருப்பித் தரும். மாதம் சில ஆயிரம் அழைப்புதான் வரும் என்றால் விடுங்கள். லாம்டாவின் இலவச அளவே மாதம் 10 லட்சம் கோரிக்கை. அதற்காக ரஸ்ட் கற்றுக்கொள்வது வீண் சிரமம் என்பது என் கருத்து.

## இடம் மாறினால் டெம்ப்ளேட்டும் மாறும்

கூகுளின் கிளவுட் ரன்னில் நிரல் போய் வேலை கேட்காது. அங்கே நிரலே ஒரு சின்ன வெப் சர்வராக, சொன்ன போர்ட்டில் (கோரிக்கை நுழைகிற வாசல் எண்ணில்) காத்திருக்க வேண்டும். வழக்கமாக அது 8080. கிளவுட்ஃபிளேர் ஒர்க்கர்ஸில் பைனரியே கிடையாது, ரஸ்ட்டை வெப்அசெம்பிளியாக, அதாவது பிரவுசர் போன்ற சூழலில் ஓடும் வடிவமாக, மாற்றி அனுப்ப வேண்டும். இப்படி இடத்துக்கு இடம் தொட்டியின் வாய் வேறு. எழுத்தெண்ணும் கல் மட்டும் எங்கேயும் ஒன்றே.

அதனால் எண்ணுகிற ஃபங்ஷனை ஹேண்ட்லருக்குள் எழுதாதீர்கள். லிப் என்ற தனிக் கோப்பில், லாம்டாவின் பெயரே வராமல், சொல் உள்ளே எண் வெளியே என்று எழுதுங்கள். ஹேண்ட்லர் அதைக் கூப்பிடட்டும், இரண்டு மூன்று வரி போதும். அந்த ஃபங்ஷனை லாம்டா இல்லாமலே சோதிக்கலாம் என்பது உடனடி லாபம். ஆல்கரிதங்களை ஏற்றிவைத்து, மற்ற நிரல்கள் இணையம் வழியே கூப்பிடும் ஏபிஐயாகத் தருவதற்கென்றே சியாட்டிலில் அல்கரித்மியா என்ற நிறுவனம் இருந்தது, ரஸ்ட்டையும் ஏற்றுக்கொண்டது. அங்கே நுழைவு ஃபங்ஷனின் பெயர் அப்ளை. 2021-இல் டேட்டாரோபாட் அதை வாங்கிக்கொண்டது. இப்படிக் கை மாறுகிற நாளில், கல்லைத் தனியாக வைத்திருந்தவர் தொட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

## டெம்ப்ளேட் தானாகப் புதுசாகாது

முதலில் சொன்ன "நகல்" இங்கே வருகிறது. நூலகத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், கார்கோவில் அப்டேட் செய்து நாம் வாங்கிக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டில் திருத்தினால் நமக்கு எதுவும் வராது. புராஜெக்ட் உருவான அன்றோடு அந்த உறவு முடிந்தது. போன வருடம் உருவாக்கிய மெயின் கோப்பு போன வருடத்து மெயின் கோப்பாகவே இருக்கும், லாம்டா ரன்டைம் நூலகத்தின் பெரிய பதிப்பு மாறி ஃபங்ஷன் பெயர்களே மாறியிருந்தாலும் சரி. வலையில் கிடைக்கிற பழைய உதாரணங்கள் பல இன்று கம்பைல் ஆகாமல் போவதற்கும் இதுவே காரணம்.

நான் செய்வது இது: எப்போதாவது ஒரு காலி ஃபோல்டரில் "கார்கோ லாம்டா நியூ" அடித்து, வருகிற கார்கோ டாம்லையும் மெயினையும் பழைய புராஜெக்ட்டில் இருப்பதோடு டிஃப் எடுத்து, அதாவது எந்த வரிகள் வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டு, பார்ப்பேன். மாறியிருப்பது பெரும்பாலும் பதிப்பு எண்களும் ஒன்றிரண்டு வரிகளும்தான். அவற்றைக் கையால் கொண்டுவந்துவிட்டு, "கணினி" இன்னும் 3 என்றுதான் வருகிறதா என்று சோதித்துவிட்டு, காலி ஃபோல்டரை அழித்துவிடுவேன்.